பேசிக்கொண்டே ஓடியவள்

அவளுடைய பெயரை இங்கே போடப் போவதில்லை. போட்டால் யாராவது அவளுக்கு அனுப்பி வைப்பார்கள். அவள் இப்போது கட்டாரில் இருக்கிறாள். அங்கிருந்து போன் எடுத்து, நான் எழுதியதில் எது சரி, எது பிழை என்று தொடங்கி, பிள்ளைகளின் இருமல் வரை போய்த்தான் நிற்பாள். எனக்கு அரை நாள் போய்விடும். அவளோடு பேசுவது கசக்குமா என்று கேட்டால், சத்தியமாக இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தையாவது அவள் குறுக்கே பேசாமல் நான் சொல்லி முடிக்க வேண்டும்.

கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் படித்தோம். நான் அம்பிட்டியவிலிருந்து வருவேன், அவள் திகனவிலிருந்து பஸ்ஸில் வருவாள். ஒரே ஆண்டு, வேறு வேறு வகுப்பு. பாடசாலை இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டியில் எண்ணூறு மீட்டருக்கு ஆள் இல்லை என்று என்னைப் பிடித்துத் தள்ளினார்கள். எப்படியோ முதலாவதாக வந்துவிட்டேன். விளையாட்டு மிஸ் கூப்பிட்டு, இனி ஆயிரத்து ஐந்நூறு மீட்டருக்குப் பழகு என்றார். பின்னேரப் பயிற்சிக்குப் போன முதல் நாளே அவள் என் பக்கத்தில் வந்து ஓடத் தொடங்கினாள். ஓடத் தொடங்கினாள் என்று சொல்வதைவிடப் பேசத் தொடங்கினாள் என்பதுதான் சரி.

இன்றைக்கு உங்கள் வீட்டில் என்ன ஆணம் என்று கேட்டாள். அவர்கள் வீட்டில் குழம்புக்கு ஆணம் என்றுதான் சொல்வார்கள். நானோ மிஸ் பார்க்கிறார் என்று உயிரைக் கொடுத்து ஓடிக்கொண்டிருந்தேன். "பருப்பு" என்று ஒரு சொல்லை வெளியே தள்ளினேன். அவள் விடவில்லை. பால் விட்டதா, விடாததா, கீரை போட்டதா, யார் ஆக்கியது, நேற்று என்ன? எனக்குப் பதில் வரவில்லை, மூச்சுத்தான் வந்தது. உடனே அவள் வேகத்தைப் பாதியாகக் குறைத்தாள். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

"ஒனக்குப் பேச ஏலாட்டி நாம கெதியா ஓடுறோம் புள்ள. கொஞ்சம் மெல்லப் போவோம், பொறகு சொல்லு."

இதுதான் அவள். அவளைப் பற்றி மற்ற எதைச் சொன்னாலும் சுற்றிச் சுற்றி இங்கேதான் வர வேண்டும். பயிற்சி ஓட்டத்தில் பேச்சு நின்றால் அவள் வேகத்தைக் குறைப்பாள். பேச்சு திரும்பி வந்தால்தான் கூட்டுவாள். ஆம், இல்லை என்று தலையாட்டித் தப்பிக்க முடியாது. முழு வாக்கியம் வேண்டும். காரணம் வேண்டும். கிளைக்கதை இருந்தால் இன்னும் நல்லது.

சனிக்கிழமைகளில் வாவியைச் சுற்றி ஓடுவோம். அப்போது அவள் சமையல் சொல்வாள். வட்டிலாப்பம் ஒரு சுற்றுக்குச் சரியாக வரும். கித்துள் கருப்பட்டியைச் சீவுவதில் தொடங்கி, முட்டை அடித்து, தேங்காய்ப் பால் சேர்த்து, ஆவியில் வைத்து இறக்கும்போது புறப்பட்ட இடத்துக்கு வந்திருப்போம். பிரியாணி ஒரு சுற்றுக்குள் அடங்காது. இறைச்சி ஊறும்போதே சுற்று முடிந்துவிடும். மீதியை நடந்துகொண்டே சொல்வாள். குடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் ஜோடிகள் பயந்துபோய்ப் பார்ப்பார்கள். தண்ணீரைப் படம் பிடிக்கும் வெள்ளைக்காரர்கள் கையசைப்பார்கள். அவளும் ஓட்டத்தை நிறுத்தாமல் அவர்களிடம் எந்த நாடு, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுவிட்டு வருவாள்.

பேசுவதற்கு அவளுக்கு ஆள் பேதமே கிடையாது. பஸ் நடத்துனரிடம் சிங்களத்தில் பேசுவாள், சில்லறை கொடுக்க மறந்து அவரும் பேசுவார். குட்ஷெட் பஸ் நிலையத்தில் திகன பஸ் புறப்பட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டே கடலைக்காரியிடம் அவள் மகளின் கல்யாண விஷயத்தை விசாரித்து முடிப்பாள். அடுத்த பஸ் வரும்தானே என்பாள். அவசரம் என்ற ஒன்று அவள் உடம்பில் எங்கேயுமே இல்லை. அப்படிப்பட்டவள் ஓட்டக்காரி ஆனதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

இன்னொரு பழக்கமும் இருந்தது. இன்னும் ஒரு சுற்று ஓடலாம் என்று உடம்பு சொல்லும்போதே நிறுத்திவிடுவாள். அவளுடைய வாப்பா சாப்பாட்டில் வயிற்றில் கொஞ்சம் இடம் வைத்து எழும்ப வேண்டும் என்று பிள்ளைகளைப் பழக்கியிருந்தார். அவள் அந்தப் பழக்கத்தை மைதானத்தில் ஒழுங்காகக் கடைப்பிடித்தாள். சாப்பாட்டில் மட்டும் கடைப்பிடித்ததாக நான் பார்த்ததில்லை. பயிற்சி முடிந்ததும் மீன் பணிஸை ஒரு கடியில் பாதியாக்குவாள். பிறகு என் பணிஸைப் பார்ப்பாள்.

எங்கள் மிஸ்ஸுக்கு இந்தப் பாதியில் நிறுத்துகிற விஷயம் ஆகவே ஆகாது. மிஸ் நல்லவர். மழை வந்தால் தன் குடையை எங்களிடம் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே போகிறவர். ஆனால் பயிற்சி என்று வந்தால் அவரிடம் ஒரே அளவுகோல்தான் இருந்தது. ஓடி முடித்தவள் விழ வேண்டும். வாந்தி எடுத்தால் விசேஷம். வாந்தி எடுத்தவளை முதுகில் தட்டி, மற்றவர்களிடம் காட்டி, இவள்தான் உழைத்தவள் என்பார். நாங்கள் எல்லோரும் புல்லில் கருவாடு மாதிரிக் கிடப்போம். அவள் மட்டும் சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மிஸ்ஸுடைய அம்மாவின் முழங்கால் வலி எப்படி என்று மிஸ்ஸிடமே கேட்டுக்கொண்டிருப்பாள். மிஸ் அவளுக்குச் சோம்பேறி என்று பேர் வைத்தார். அந்தச் சோம்பேறி வலயப் போட்டியில் முதலாவதாக வந்தாள். நான் இரண்டாவது. இரண்டு பேரும் மாகாணப் போட்டிக்குத் தெரிவானோம். அப்படியும் மிஸ் சமாதானமாகவில்லை. இவள் ஒழுங்காக உழைத்தால் எங்கேயோ போவாள் என்று பெருமூச்சு விட்டார்.

மாகாணப் போட்டிக்கு முன்னால் நோன்பு மாதம் வந்தது. அங்கேதான் எல்லாம் புரண்டது.

நோன்பு பிடித்துக்கொண்டு அவள் எப்படிப் பழகுவாள்? மிஸ் கணக்குப் போட்டார். ஒரு மாதம் தண்ணீர்கூடக் குடிக்காத பிள்ளை பெருநாள் முடிந்து மைதானத்துக்கு வரும்போது காற்றுப் போன பந்தாகத்தான் வருவாள். ஆகவே பாடசாலையின் மானம் என் தலையில். இனி நீதான் என்று மிஸ் சொன்னபோது எனக்கு நெஞ்சு விம்மியது, பொய் சொல்ல மாட்டேன். வீட்டில் போய்ச் சொன்னேன். அப்பாவுக்கு என்னைவிட விம்மியது.

அப்பா டவுனில் துணிக்கடை ஒன்றில் வேலை செய்தார். காலை முதல் இரவு வரை நின்றபடியே சீலை விரித்துக் காட்டுகிற வேலை. உட்கார்ந்திருப்பவனை அவர் மனதார மதித்ததே இல்லை. மிஸ் பின்னேரம் பழக்குகிறாரா, அப்படியானால் காலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். விடியுமுன் எழுப்பி அம்பிட்டிய ஏற்றத்தில் ஓடவிட்டார். தான் சந்தியில் டோர்ச்சுடன் நிற்பார். மேலே போய்க் கீழே வர வேண்டும், திரும்ப மேலே. கடையில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. சீலை வாங்க வந்தவர்களுக்கும் சொன்னார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த மாதம் அவளும் பயிற்சிக்கு வராமல் இல்லை. நோன்பு திறக்க வீடு போய்ச் சேரும்படி நேரம் பார்த்து வந்து, கொஞ்சம் மெல்ல ஓடுவாள், வளைவில் இரண்டு தடவை வேகம் எடுப்பாள், போய்விடுவாள். வாய் காய்ந்திருந்ததால் பேச்சும் குறைந்தது. பேச்சு குறைந்ததால் அவளுடைய சட்டப்படி ஓட்டமும் குறைந்தது. போதாததற்கு, நோன்பில் புறம் பேசக் கூடாது. அவளுடைய கதைகளில் பாதி அப்படியே அடிபட்டுப் போயின. மிச்சம் இருந்தது சாப்பாடு. அதைப் பேசினால் பசிக்கும். பாவம், வானத்தையும் மேகத்தையும் பற்றிப் பேசிக்கொண்டு ஓடினாள். மிஸ் தூரத்தில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

எனக்கு முதல் வாரம் நன்றாக இருந்தது. பிறகு இரவில் தூக்கம் வரவில்லை. களைத்துப் படுத்தால் தூக்கம் வர வேண்டும்தானே, வரவில்லை. சோற்றைப் பார்த்தால் வெறுத்தது. அம்மா ஒரு சொல் சொன்னால் கண்ணில் தண்ணீர் நின்றது. விசித்திரம் என்னவென்றால், அதிகம் ஓட ஓட, ஓடி முடிக்க எனக்கு எடுக்கும் நேரம் கூடிக்கொண்டே போனது. மிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, போதாது, இன்னும் என்றார். பிறகு இடது காலில் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பு நோகத் தொடங்கியது. பாடசாலைப் படியிறங்கும்போது ஒவ்வொரு படியும் எலும்புக்குள் குத்தியது. அப்பா இத்தனை பேருக்குச் சொல்லிவிட்டாரே என்று யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அவள்தான் கண்டுபிடித்தாள். ஒரு பின்னேரம் என் பக்கத்தில் மெதுவாக வந்து, இந்த மேகம் திகனப் பக்கம் போகுமா, கண்டியிலேயே கொட்டுமா, என்ன நினைக்கிறாய் என்று கேட்டாள். அவள் ஓடியது நடைக்குக் கொஞ்சம் மேலே. அந்த வேகத்தில்கூட எனக்குப் பதில் சொல்ல மூச்சு வரவில்லை. வாயை மூடிக்கொண்டு வா என்று சீறினேன். அவள் கோபிக்கவில்லை. நின்றாள். என்னை உட்காரவைத்து, காலுறையை இறக்கி, எலும்பின்மேல் பெருவிரலால் அழுத்தினாள். நான் கத்தியது பாடசாலை வாசல் வரை கேட்டிருக்கும். மிஸ் அப்போது மற்றப் பக்கத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குத் தாண்டுதல் பழக்கிக்கொண்டிருந்தார். யாருக்கும் சொல்லிவிடாதே என்று கெஞ்சினேன். அவள் ஒன்றும் சொல்லாமல் காலுறையை ஏற்றிவிட்டாள். அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தது எனக்குப் பயமாக இருந்தது.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை. மாலையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். தன் நானா, அதாவது அண்ணன், திரீவீலரில் கொண்டுவந்து விட்டதாகவும், டவுனில் வேலையை முடித்துவிட்டுத் திரும்ப வந்து ஏற்றிக்கொள்வார் என்றும் சொன்னாள். என் காலைப் பற்றிப் போட்டுக்கொடுக்கத்தான் வந்திருக்கிறாள் என்று எனக்கு உயிர் போனது. அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஞாயிறு அப்பாவுக்கு லீவு. அவரிடம் போய், "அங்கிள், இவ காலையில ஓடுற ஏத்தத்த எனக்கும் காட்டுங்களே, நாம ரெண்டு பேரும் சும்மா மெல்லப் போய்ட்டு வருவோம்" என்றாள். அப்பாவுக்கு ஏக சந்தோஷம். சாரத்தை மாற்றிக் கால்சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நான் வாசலில் நின்று பார்த்தேன்.

முதல் வளைவு வரை அப்பா ஜோராகப் போனார். அவள் பக்கத்தில் ஓடியபடி கேட்கத் தொடங்கினாள். எத்தனை வருஷமாகக் கடையில் வேலை, இப்போது எந்தச் சீலை நன்றாகப் போகிறது, பட்டுக்கும் மற்றதுக்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது. பட்டைப் பற்றி விட்டால் ஒரு மணி நேரம் பேசுகிற மனிதர் அப்பா. "பட்டு வந்து..." என்றார். அவ்வளவுதான். இரண்டாம் வளைவில் மதகுக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். முகம் சிவந்து, கை இரண்டும் தொடையில். நான் பயந்துபோய் நொண்டிக்கொண்டே ஓடிப் போனேன். பகல் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காதவள் அவருக்குத் தன் கையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

அவருக்கு மூச்சு வரும்வரை பொறுத்தாள். பிறகு மரியாதையாகத்தான் கேட்டாள்.

"அங்கிளுக்கு நாளைக்குக் காலையிலயும் இதுல ஓட ஏலுமா? பின்னேரமும்? அடுத்த நாளும்?"

நான் நொண்டிக்கொண்டு வந்ததை அவர் அப்போதுதான் கவனித்தார். என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது நோன்பு திறக்கிற நேரம் கிட்டிவிட்டது. அம்மா தடுமாறிப் போனார். பேரீச்சம்பழம் இல்லை, கஞ்சி இல்லை, என்ன கொடுப்பது என்று தெரியாமல் கதலிப் பழமும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். அவள் தன் போனில் நேரம் பார்த்து, முணுமுணுத்து ஓதி, தண்ணீரைக் குடித்தாள். பின்னறையில் தொழுதுவிட்டு வந்து தோசைக்கு உட்கார்ந்தாள். அம்மா சுட்டது எல்லாம் போதாமல் மாவுச் சட்டியை வழித்துச் சுட வேண்டி வந்தது. அதற்குள் பட்டைப் பற்றி அப்பாவிடம் மிச்சக் கேள்வியெல்லாம் கேட்டு முடித்துவிட்டாள்.

திரீவீலர் வந்தது. அவளுடைய நானா இறங்கி வாசல் வரை வந்தார். ஒரு கால் கொஞ்சம் வளைந்து, சாய்ந்து சாய்ந்து நடந்தார். அப்பா எழுந்து நின்றுவிட்டார். விபத்தா தம்பி என்று கேட்டார். நானா சிரித்துக்கொண்டு, விபத்து இல்லை, ஓடியதுதான் என்றார். பாடசாலையில் அவரும் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடியவராம். காலையும் மாலையும் ஓடினாராம். எலும்பு நொந்தபோது மருந்து தடவிக்கொண்டு ஓடினாராம். ஒரு நாள் வளைவில் அது முறிந்ததாம், சரியாகப் பொருந்தவும் இல்லையாம்.

அவள் அப்போது மட்டும் குறுக்கே பேசினாள். "அன்னைக்கு வாப்பா கம்பிக்கு அந்தப் பக்கம் நின்டு கை தட்டிக்கிட்டு ஈந்தார் அங்கிள். அவருக்குத் தெரியாது. இவரு நோவுதுன்டு செல்லவும் இல்ல."

மறுநாள் விடியுமுன் அப்பா எழும்பி டோர்ச்சை எடுப்பது கேட்டது. பிறகு அதைத் திரும்ப வைப்பதும் கேட்டது. கடைக்கு லீவு சொல்லி என்னை வைத்தியரிடம் கூட்டிப் போனார். எலும்பு முறியவில்லை, ஆனால் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. வைத்தியர் ஓட்டத்தை நிறுத்தச் சொன்னார், நோவு போன பிறகு புல்லில் மெல்லத் தொடங்கச் சொன்னார். பாடசாலைக்கும் அப்பாவே போனார். மிஸ்ஸுக்கு முகம் தொங்கிவிட்டது. பெயர் அனுப்பியாகிவிட்டது, நடந்தாவது முடிக்கட்டும் என்றார்.

நான் ஓடாமல் இருந்த நாட்களில் அவள் தன் ஓட்டத்தை முடித்துவிட்டு என் பக்கத்தில் படியில் வந்து உட்காருவாள். சும்மா இருப்பதும் பயிற்சிதான் என்பாள். சும்மா இருப்பதற்கு அவளைவிட நல்ல துணை உலகத்தில் கிடையாது. பெருநாள் வந்தது. வட்டிலாப்பம் ஒரு பெரிய சட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்தது. அதன்பிறகு இரண்டு பேரும் புல்லில் மெல்ல ஓடினோம். அவளுக்குப் புறம் பேசும் உரிமை திரும்பக் கிடைத்திருந்ததால் கதைக்குப் பஞ்சமே இல்லை. எனக்குத் தூக்கம் வந்தது. ஒரு நாள் வாவிச் சுற்றில் அவளுக்கு நான் ஒரு முழுக் கதை சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.

மாகாணப் போட்டி அன்று நல்ல வெயில். துவக்கக் கோட்டில் நிற்கும்போதே அவள் இரண்டு பக்கமும் நின்ற பெண்களின் ஊர், பெயரெல்லாம் விசாரித்து முடித்துவிட்டாள். நடுவர் அதட்டினார். துப்பாக்கி வெடித்தது. முதல் சுற்றில் எனக்குப் பக்கத்தில் ஓடினாள். தோளை இறக்கு என்றாள். முன்னால் பாய்ந்து போன நீலச் சட்டைக்காரியை விட்டுவிடு என்றாள். இரண்டாம் சுற்று முடியும்போது, "நான் போறேன் புள்ள, நீ ஒன்ட பாட்டுக்கு வா" என்றாள். அதற்குப் பிறகு அவள் குரல் கேட்கவில்லை.

முன்னால் அவளுடைய முக்காடு மட்டும் தெரிந்தது. ஒவ்வொருத்தியாகக் கடந்து போனது. கடைசி நேரான ஓட்டத்தில் நீலச் சட்டையும் அவளும் தோளோடு தோள். அங்கே யார் முந்தினார்கள் என்று நான் பார்க்கவில்லை. எனக்கு என் காலே பெரிய கவலை. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அந்த நோவை எதிர்பார்த்தேன். வரவில்லை. கோட்டைத் தாண்டியபோதும் வரவில்லை. நான் ஆறாவது.

திரும்பிப் பார்த்தால், அவள் புல்லில் விழுந்து கிடக்கிறாள். எங்கள் யாருக்கும் பழக்கமில்லாத காட்சி. ஓட்டத்தில் எப்போதும் மிச்சம் வைத்து நிறுத்துகிறவள் அன்றைக்கு ஒரு துளி மிச்சம் வைக்கவில்லை. மிஸ் தண்ணீர்ப் போத்தலோடு ஓடி வந்து, நீதான் முதலாவது என்று சொல்லிச் சொல்லி அழுதார். நடுவர் சிங்களத்தில் ஏதோ கேட்டார். அவள் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. அவள் பேசாமல் கிடந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் முழந்தாளிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கண்ணைத் திறந்து என்னைத் தேடினாள். நெஞ்சு ஏறி இறங்கியது. கடைசியில் கொஞ்சம் மூச்சு சேர்ந்தது.

"ஒனக்குக் காலு நோவுதா?"

"இல்லடி. நோகல."

அவள் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் மிஸ்ஸைப் பார்த்து, தான் எத்தனையாவது என்று கேட்டாள். நான் விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தேன். ஆறாவதாக வந்ததற்காக அழுகிறேன் என்று நினைத்து, அந்த நீலச் சட்டைக்காரி வந்து எனக்கு ஆறுதல் சொன்னாள்.